வெயில்ல நின்னுக்கிட்டு பனிச்சறுக்கைப் பத்தி...

ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன். செமஸ்டர், அசைன்மெண்ட், அப்புறம் வழக்கமான சோம்பேறித்தனம். மூணாவது தான் உண்மையான காரணம் :-)

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் பனிச்சறுக்கு விளையாடினது கிடையாது. பனியை நேர்ல பார்த்ததே கிடையாது. எனக்குத் தெரிஞ்ச பனி ரெண்டு தான். ஒண்ணு, மார்கழி காலைல காவிரிப் பாலத்துல பஸ் போகும்போது ஆத்து மேல தெரியற பனி. இன்னொண்ணு, எங்க வீட்டு ஃப்ரீசர்ல மாசத்துக்கு ஒரு தடவை அம்மா கரண்டிக் காம்பால சுரண்டி எடுக்கற பனி. இப்படிப்பட்டவன் எதுக்கு இதைப் பத்தி எழுதணும்? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நடந்த ஒரு சண்டை தான் காரணம்.

காலேஜ் முடிஞ்சு ஸ்ரீரங்கம் போற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தோம். நல்ல வெயில். மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்த்தா கண்ணு கூசுது. நண்பன் ஒருத்தன் கையில சர்பத், இன்னொரு கையில போன். ஒரு செய்தியைக் காட்டினான். குடகு மாவட்டத்துப் பெண் பவானி தெக்கடா நஞ்சுண்டா, 2025-ல சிலி நாட்டுல நடந்த ஒரு சர்வதேச 5 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியில வெண்கலம் வாங்கினாங்க. அதைப் படிச்சுட்டு அவன் சொன்னான்:

"குடகுல காபி விளையும். பனி எங்கடா இருக்கு? காசு இருக்கறவங்க ஊர் சுத்தப் போறாங்க. அதுக்குப் பேரு கேம்ப்பு."

கூட நின்ன ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரலை. என்னன்னு தெரியலை, கோவம் தான் வந்துச்சு. பஸ் வர்ற வரைக்கும் கத்தினேன். பஸ் வந்தும் கத்தினேன். மாம்பழச் சாலை தாண்டினப்புறம் கண்டக்டர் திரும்பிப் பார்த்ததும் தான் நிறுத்தினேன். அன்னைக்கு சரியா சொல்ல வராததை இங்க எழுதிடலாம்னு ஒரு ஆசை.

நண்பன் கேட்டதுல ஒரு நியாயமான கேள்வி இருக்கு. அதை முதல்ல எடுத்துக்குவோம். சீசன் இல்லாத நேரத்துல, சொந்த நாட்டை விட்டுட்டு, வெளிநாட்டுக்குப் போய் ஏன் பனிச்சறுக்கு பழகணும்? டிசம்பர்ல குல்மார்க்ல பனி விழும்போது பழகினா போதாதா?

போதாது. ஏன்னு சொல்றேன்.

பனிச்சறுக்குல ரெண்டு பெரிய வகை. ஒண்ணு மலைச்சரிவுல மேலேருந்து கீழ, நட்டு வெச்ச கம்பங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு வர்றது. இன்னொண்ணு சமதரையிலும் மேடு பள்ளத்திலும் கையில கோல் ஊன்றி பல கிலோமீட்டர் தூரம் தள்ளிக்கிட்டுப் போறது. பவானி ரெண்டாவது வகை. முதல் வகையை எடுத்துக்கிட்டா, கம்பங்களுக்கு நடுவுல ஒரு தடவை இறங்கி முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிஷம் தான் ஆகும். இறங்கினதும் மறுபடி லிஃப்ட் பிடிச்சு மேல போகணும். வரிசையில நிக்கணும். ஒரு நாளைக்கு பத்து தடவை இறங்கினான்னு வெச்சுக்குங்க. விடியக்காலைலேருந்து மதியம் வரைக்கும் குளிர்ல கஷ்டப்பட்டும் அவன் உண்மையிலேயே பழகினது பத்தே நிமிஷம்!

நம்ம ஊர்ல ஒருத்தன் கிரிக்கெட் நெட்ஸ்ல ஒரு மணி நேரம் தொடர்ந்து பந்தை அடிக்கலாம். நீச்சல்காரன் ரெண்டு மணி நேரம் தண்ணியிலேயே இருக்கலாம். பனிச்சறுக்குல அது நடக்காது. அதனால அங்க மணிக்கணக்கு கிடையாது, நாள் கணக்கு தான். வருஷத்துல எத்தனை நாள் பனி மேல நின்ன, அதான் கேள்வி. குல்மார்க்ல நல்ல சீசன்னாலும் டிசம்பர் கடைசிலேருந்து மார்ச் வரைக்கும் தான். அதுல புயல் நாள், லிஃப்ட் ஓடாத நாள், போட்டி நாள் எல்லாம் கழிச்சுப் பாருங்க. மிச்சம் என்ன?

அந்த மிச்சமும் இப்போ சுருங்கிக்கிட்டு வருது. 2024 ஜனவரியில குல்மார்க் சரிவெல்லாம் பனி இல்லாம பழுப்பு நிறத்துல கிடந்த படங்களைப் பார்த்திருப்பீங்க. 2025-ல பிப்ரவரியில நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டை, பனி போதலைன்னு தள்ளி வெச்சு மார்ச்ல நடத்தினாங்க. நாட்டுல பனிச்சறுக்குக்கு ரொம்பப் பேர் போன ஊரிலேயே இதான் நிலைமை. வருஷம் பூரா பனி மேல பழக நம்ம நாட்டுல இடமே கிடையாது.

அப்ப மத்தவங்க என்ன பண்றாங்க? பூமி உருண்டையை நல்லா உபயோகிச்சுக்கறாங்க. நமக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட்னா சிலி, அர்ஜென்டினா, நியூசிலாந்துக்கு அது குளிர்காலம். அதனால ஐரோப்பா, அமெரிக்கா அணிகள் எல்லாம் அந்த மாசங்கள்ல மூட்டை கட்டிக்கிட்டு தெற்கே போயிடும். இல்லைன்னா உயரமான மலை மேல இருக்கற பனியாறுகள். ஆஸ்திரியாவுல ஹின்டர்டுக்ஸ், சுவிட்சர்லாந்துல செர்மாட், இத்தாலியில ஸ்டெல்வியோ. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்து மவுண்ட் ஹூட்ல கோடை கேம்ப் ரொம்ப பிரபலம். பள்ளிக்கூடப் பசங்க லீவுல அங்க தான் இருப்பாங்க. (நம்ம லீவுல நாம எங்க இருந்தோம்? டிவி முன்னாடி.)

இந்த கேம்ப்புகள் எப்படி நடக்கும்னு படிச்சப்போ தான் 'ஊர் சுத்தறது'ங்கற வார்த்தை எனக்கு முழுசா கசந்துச்சு. கோடையில வெயில் ஏற ஏற பனி இளகிப் போயிடும். அதனால சூரியன் வர்ற நேரத்துக்கே முதல் லிஃப்ட். பாதை மேல உப்பைத் தூவுவாங்க. ஆமாம், உப்பு! குல்ஃபி விக்கறவர் பானைக்குள்ள ஐஸோட உப்பு போடுவாரே, அதே வேலை தான். உப்பு மேல் பனியைக் கொஞ்சம் உருக வைக்கும், உருகறதுக்கு வேண்டிய சூட்டைப் பக்கத்துலேருந்து இழுத்துக்கும், பக்கத்துப் பனி இறுகிக் கெட்டியாகும். அந்தக் கெட்டிப் பனி கிடைக்கற சில மணி நேரத்துக்குள்ள திரும்பத் திரும்ப இறங்கணும். மதியம் உடற்பயிற்சி. சாயந்திரம் காலைல எடுத்த வீடியோவைப் போட்டு, ஒவ்வொரு வளைவுலயும் எங்க தப்புன்னு கோச் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். ராத்திரி சறுக்குப் பலகையோட விளிம்பைத் தீட்டி, அடியில மெழுகு தேய்ச்சு வெச்சுட்டுத் தூங்கணும். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி எழுந்துக்கணும். இதுல ஊர் சுத்த நேரம் எங்க?

சரி, இதை ஏன் ஆஃப் சீசன்ல பண்ணணும்? இதான் முக்கியமான விஷயம். சீசன்ல நாட்களெல்லாம் போட்டி, பயணம், போட்டின்னே போயிடும். அப்போ போய் காலை வெக்கற முறையை மாத்தினா, முதல்ல இருக்கறதும் கெட்டுடும். பழைய தப்பை விட்டு புதுசு படியறதுக்கு நடுவுல ஒரு கேவலமான காலம் வரும். அந்தக் காலத்துல எல்லாரை விடவும் மோசமா ஆடுவோம். யாரும் மார்க் போடாத நேரத்துல தான் அப்படி மோசமா ஆட முடியும்.

எங்க காமர்ஸ் பாஷையில சொன்னா, ஆடிட்டர் ஆபீஸ்ல ரிட்டர்ன் தாக்கல் பண்ற கடைசி வாரத்துல யாராவது புது சாஃப்ட்வேர் கத்துக்குவாங்களா? ஃபைல் குறையற மாசத்துல தான் கத்துக்கணும். எங்க தெருவுல இருக்கற ஒரு நாயனக்காரர் ஆடி மாசம் முழுக்க வாசிச்சுக்கிட்டே இருப்பார். ஆடியில கல்யாணம் கிடையாது, வரும்படி கிடையாது. ஆனா ஆவணி முகூர்த்தத்துல மண்டபத்துல நாம கேட்கறது அந்த ஆடி மாசத்தைத் தான்.

பனிச்சறுக்குல அப்படி மாத்த வேண்டிய தப்பு என்னன்னு பார்த்தா எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணே ஒண்ணு. சரிவைப் பார்த்ததும் பயந்து உடம்பைப் பின்னாடி, மலைப்பக்கமா சாய்ப்பாங்க. பின்னாடி சாஞ்சா பலகையோட முன்பக்கம் லேசாகிப் பிடிப்பு போயிடும், திருப்பவும் முடியாது, வேகம் இன்னும் கூடும். காப்பாத்திக்க நினைச்சு பண்றதே கவுத்துடும். பள்ளத்தைப் பார்த்து முன்னாடி சாயணும், வளைவுல வெளிப்பக்கக் கால் மேல எடையைப் போடணும். மூளை 'போகாதே'ன்னு சொல்ற பக்கமா உடம்பைக் கொண்டு போகணும். இதை ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம். உடம்பு நம்பறதுக்கு ஆயிரம் தடவை இறங்கணும்.

எனக்கு இது எப்படிப் புரிஞ்சுதுன்னா, நான் எட்டாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் ரோலர் ஸ்கேட்டிங் பண்ணினவன். அங்கயும் இதே தான். குனி, முழங்காலை மடக்கு, முன்னாடி சாய். நான் திருப்பத்துல எப்பவும் நிமிர்ந்துடுவேன். மாஸ்டர் கத்துவார். நிமிர்ந்துடுவேன். என் கூட ஒருத்தன் ஸ்கேட்டிங் பண்ணினான், அவனும் நிமிர்ந்துடுவான். மாவட்ட அளவுல நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி. ஒரு வாரம் அவன் முன்னாடி வருவான், ஒரு வாரம் நான்.

ஒன்பதாவது முடிஞ்ச மே மாசம் பெங்களூர்ல ஒரு மாச கேம்ப் ஒண்ணு வந்துச்சு. வீட்ல கேட்டேன். அப்பா கேட்ட முதல் கேள்வி, "போட்டியா?" இல்லைப்பா, பயிற்சி மட்டும். "மெடல் சர்டிபிகேட் ஏதாவது?" இல்லை. "அப்புறம் எதுக்குடா இவ்ளோ காசு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அப்பா மேல தப்பு இல்லை. அந்த வருஷம் கடையில வியாபாரம் சரியில்லை, பாட்டிக்கு வேற வைத்தியச் செலவு. அவன் போனான். நான் போகலை.

ஜூன்ல அவன் திரும்பி வந்தான். முதல் நாள் ரிங்க்ல அவன் திருப்பத்தை எடுத்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. நிமிரவே இல்லை. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட அவனை நான் ஜெயிக்கலை. அவனுக்குத் திறமை அதிகம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்போ நினைக்கலை. மே மாசத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒண்ணு தானே? அந்த முப்பது நாளுக்கு நாம வெச்ச பேர் தான் 'திறமை'.

பஸ் ஸ்டாண்டுல கோவம் ஏன் வந்துச்சுன்னு இப்போ புரியுதா?

இனி காசு விஷயத்துக்கு வரேன். பி.காம் படிக்கறவன் இதைப் பத்தி எழுதலைன்னா எப்படி :-)

காஷ்மீர் ஆரிஃப் கானை எடுத்துக்குங்க. குல்மார்க் பக்கத்துக்காரர். அப்பா பனிச்சறுக்கு சாமான் கடை வெச்சிருந்தவர். சின்ன வயசுலேயே சறுக்க ஆரம்பிச்சவர். 2018 ஒலிம்பிக்கைப் பணம் இல்லாததால தவறவிட்டதா அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். தகுதிப் போட்டிகளுக்குன்னு நாடு நாடா போகணும், அதுக்கு வழியில்லை. அடுத்த ஒலிம்பிக்குக்கு எங்க தகுதி பெற்றார் தெரியுமா? ஸ்லாலம் பிரிவுக்கு 2021-ல துபாய்ல! பாலைவனத்து நடுவுல, 2005-ல திறந்த ஒரு ஷாப்பிங் மால் பனிக்கூடம் தான் ஸ்கி துபாய். திருச்சியில பாதி வீட்டுக்கு துபாய்ல ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பாங்க. வாடகை ஜாக்கெட் போட்டுக்கிட்டு பென்குவினோட நிக்கற போட்டோ அனுப்புவாங்களே, அதே இடம். இமயமலையில பிறந்தவர் மாலுக்குள்ள வந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற வேண்டியிருந்துச்சுன்னா, பனி மேல நிக்கற ஒவ்வொரு நாளும் எவ்வளவு அருமையானதுன்னு யோசிச்சுப் பாருங்க.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலேருந்து போனது அவர் ஒருத்தர் மட்டும் தான். ஜயன்ட் ஸ்லாலம்ல 45-வது இடம். ஸ்லாலம்ல முடிக்க முடியலை. மத்திய அரசு அவருக்கு ஐரோப்பியப் பயிற்சிக்கும் சாமானுக்கும் சேர்த்து 17.46 லட்சம் ரூபாய் ஒதுக்கினது. நல்ல விஷயம், குறை சொல்லலை. ஆனா எப்போ ஒதுக்கினாங்க? ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதுக்கு அப்புறம். பரீட்சைக்கு முந்தின மாசம் டியூஷன் ஃபீஸ் கட்டற மாதிரி. அதுக்கு முன்னாடி எத்தனை கோடைகள் போச்சு? குடும்பமும் தனியார் உதவியும் கிடைச்ச வரைக்கும் தான் அவரால பழக முடிஞ்சுது.

இப்போ இதோட இன்னொரு எண்ணை வெச்சுப் பாருங்க. ஒலிம்பிக்ல தங்கம் வாங்கினா 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடின்னு நம்ம தமிழ்நாடு அரசு 2021-ல அறிவிச்சுது. கால்குலேட்டரை எடுத்தேன். 3 கோடியை 17.46 லட்சத்தால வகுத்தா 17. அதாவது ஜெயிச்ச ஒருத்தருக்குக் கொடுக்கற தொகையில, ஜெயிக்க முயற்சி பண்ற 17 பேருக்கு ஆரிஃப் கானுக்குக் கிடைச்ச அளவு பயிற்சி கொடுக்கலாம்.

பரிசு கொடுக்கக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. கொடுங்க, சந்தோஷம். ஆனா பரிசுங்கறது லாபப் பங்கு. லாபம் வந்தப்புறம் பிரிச்சுக் கொடுக்கறது. பயிற்சிங்கறது மூலதனம். மூலதனமே போடாம லாபப் பங்கை மட்டும் அறிவிச்சுக்கிட்டே இருந்தா அது கம்பெனி இல்லை, லாட்டரி. பதினொண்ணாம் வகுப்புல படிச்சிருப்போம், முதலினச் செலவு எது, வருவாயினச் செலவு எதுன்னு. பல வருஷத்துக்குப் பலன் தர்றது முதலினச் செலவு. கேம்ப்பை நாம எல்லாரும் டூர் செலவு மாதிரி எழுதிக்கிட்டு இருக்கோம். எங்க அப்பாவும் அந்த மே மாசம் அப்படித்தான் எழுதினார். அரசாங்கங்களும் அப்படித்தான் எழுதுது.

நம்ம மாநிலத்துல எதுவுமே இல்லைன்னு சொன்னா அது பொய். எலைட் திட்டம்னு ஒண்ணு, தேர்ந்தெடுத்த வீரர்களுக்கு வருஷத்துக்கு 25 லட்சம் வரைக்கும்னு ஆரம்பிச்சது, ரொம்ப வருஷமா இருக்கு. 2023-ல தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வந்துச்சு. பலனும் தெரியுது. வாள்வீச்சு பவானி தேவி சென்னைப் பொண்ணு. இத்தாலியில லிவோர்னோங்கற ஊர்ல தங்கிப் பழகினாங்க. 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல இந்தியாவோட முதல் வாள்வீச்சு வீராங்கனையா இறங்கி முதல் சுற்றை 15-3ன்னு ஜெயிச்சாங்க. பாய்மரப் படகு நேத்ரா குமணனும் சென்னை தான். வாசல்ல கடல் இருந்தும் ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவுல போய்ப் பழகினாங்க. ஏன்? கடல் மட்டும் போதாது. தன்னை விட வேகமா போறவங்க தினமும் பக்கத்துல போகணும். கேம்ப்புக்குப் போறதோட பாதி லாபம் அது தான். ஊர்ல முதல் ஆளா இருக்கறவன் அங்க போனா கடைசி ஆள். அந்த அவமானம் எந்த கோச்சும் கத்துக் கொடுக்க முடியாத பாடம்.

ஆனா இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் ஏற்கனவே மேல வந்தவங்களுக்குத் தான். மேல வர்றதுக்கு முன்னாடி, பதினாலு பதினஞ்சு வயசுல, ஒரு மே மாசம் தேவைப்படுதே, அந்த இடத்துல அப்பா அம்மா பர்ஸைத் தவிர வேற எதுவும் இல்லை.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன். பஸ்ல நண்பன் கேட்டது இதான்: "மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துல விளையாட மைதானம் இல்லை. நீ பனிச்சறுக்குக்கு லட்சக் கணக்குல கொடுக்கச் சொல்றியா?"

இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்லை. மைதானமா கேம்ப்பான்னு ஒண்ணைத் தான் எடுத்துக்கணும்னா நானும் மைதானம்னு தான் சொல்வேன். ஆனா நிஜத்துல போட்டி மைதானத்துக்கும் கேம்ப்புக்கும் இல்லை. விளம்பரப் பேனருக்கும் பாராட்டு விழாவுக்கும் செலவு பண்ணும்போது யாரும் மைதானத்தைப் பத்திக் கேட்கறதில்லை. ஒரு பொண்ணு பயிற்சிக்கு வெளிநாடு போனா மட்டும் ஏழைக் குழந்தைகள் ஞாபகம் வந்துடுது. அது என்ன நியாயம்?

இன்னொரு வாதம், "சாதிக்கணும்னு வெறி இருந்தா ரோட்டுலயே பழகலாம்." உதாரணத்துக்கு சிவ கேசவனைக் காட்டுவாங்க. பனிப்பாதையில படுத்துக்கிட்டே சறுக்கற லூஜ் விளையாட்டுல 1998-லேருந்து 2018 வரைக்கும் ஆறு ஒலிம்பிக் போனவர். அப்பா மலையாளி, அம்மா இத்தாலி, வளர்ந்தது மணாலி பக்கம். பனிப்பாதை இல்லாததால சறுக்கு வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கிட்டு இமயமலை ரோட்டுல லாரிக்கும் மாட்டுக்கும் நடுவுல பழகுவார். அந்த வீடியோவைப் பார்த்து நாம எல்லாரும் கை தட்டினோம். எனக்கும் அவர் மேல பெரிய மரியாதை. ஆனா நாம கை தட்டினது எதுக்கு? நாட்டுல வசதி இல்லாததை ஒருத்தர் உயிரைப் பணயம் வெச்சு ஈடு கட்டினதுக்கு. இவ்வளவு பண்ணியும் ஒலிம்பிக்ல அவரோட சிறந்த இடம் 2006-ல 25. அவருக்கு மத்தவங்க மாதிரி பனிப்பாதை கிடைச்சிருந்தா எங்க வந்திருப்பார்? அந்தக் கேள்வி தான் என்னை உறுத்துது. கஷ்டப்பட்ட கதையை ரசிக்கறதுல நமக்கு ஒரு போதை இருக்கு. கஷ்டத்தைக் குறைக்கறதுல அவ்வளவு ஆர்வம் இல்லை.

சரி, குறை மட்டும் சொன்னா போதாது. என்னைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது மூணு.

ஒண்ணு, பயிற்சிப் பணம் சீசனுக்கு முன்னாடி கைக்கு வரணும். பனிச்சறுக்குக்கு அது மார்ச், ஏப்ரல். ஜூன்ல சிலிக்கோ நியூசிலாந்துக்கோ போக வேண்டியவருக்கு டிசம்பர்ல செக் கொடுத்தா அது போட்டோவுக்கு மட்டும் தான் உதவும்.

ரெண்டு, கணக்கு காட்டணும். போனவர் எத்தனை நாள் பயிற்சி பண்ணினார், போறதுக்கு முன்னாடி நேரம் என்ன, வந்தப்புறம் என்ன. பொதுப் பணம் வாங்கினா இதை வெளியிடறதுல கூச்சம் வேண்டாம். கூடவே எத்தனை அதிகாரிகள் போனாங்கன்னும் போடணும் (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருது). இப்படிக் காட்டினா 'ஊர் சுத்தறாங்க'ன்னு சொல்றவங்க வாயும் அடையும், நிஜமாவே ஊர் சுத்தறவங்களும் மாட்டுவாங்க.

மூணு, கொஞ்சம் பணமாவது பதினஞ்சு வயசுக்குக் கீழ இருக்கறவங்களோட லீவு நாளுக்குப் போகணும். வெளிநாடு கூட வேண்டாம். திருச்சிப் பிள்ளை பெங்களூர் போனா போதும்.

இந்த மூணாவதுல எனக்கு ஒரு சுயநலம் இருக்கு. சொல்லிடறேன். எங்க சித்தி பொண்ணுக்கு பன்னெண்டு வயசு. பரண்ல கிடந்த என் பழைய ஸ்கேட்ஸைப் பார்த்து ஆரம்பிச்சவ, இப்போ என்னை விட நல்லா ஓட்டறா. ஆனா திருப்பத்துல நிமிர்ந்துடறா! வர்ற மே மாசம் ஒரு கேம்ப் இருக்கு. சித்தப்பா கேட்ட முதல் கேள்வி என்னன்னு நான் சொல்லத் தேவையில்லை. "போட்டியா? மெடல் உண்டா?"

இந்தத் தடவை என்கிட்ட பதில் இருக்கு. சாயந்திரம் ஒரு கடைக்கு டேலியில கணக்கு எழுதறேன். அதுல பாதிச் செலவை நான் தரேன்னு சொல்லியிருக்கேன். மீதிப் பாதிக்கு சித்தப்பா இன்னும் வாயைத் திறக்கலை. அவர் இதெல்லாம் படிக்க மாட்டார். சித்தி படிப்பாங்க. சித்தி, ஒரே ஒரு வேண்டுகோள். பாப்பா மெடல் வாங்குவாளான்னு கேட்காதீங்க. அது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எத்தனை நாள் பயிற்சி, யார் சொல்லித் தர்றாங்க, திரும்பி வரும்போது இப்போ தெரியாதது என்ன தெரியும், இதைக் கேளுங்க. பதில் திருப்தியா இல்லைன்னா அனுப்ப வேண்டாம். ஆனா அந்தக் கேள்வியையாவது கேளுங்க.

சண்டை போட்ட நண்பன் மறுநாளும் அதே இடத்துல சர்பத்தோட நின்னான். "என்னடா, பனி விழுந்துச்சா?"ன்னு கேட்டான். இன்னும் விழலைடா, மே மாசம் வரைக்கும் பொறுன்னு சொன்னேன். பஸ் வந்துடுச்சு. வழக்கம் போல உட்கார இடம் இல்லை.

மீண்டும் சந்திப்போம்.

டிஸ்கி: இதை எழுதினவனுக்கு இதுவரைக்கும் பனியில விழுந்த அனுபவம் கிடையாது. ரோட்டுல விழுந்த அனுபவம் நிறைய உண்டு. முழங்கால் தழும்பு சாட்சி :-)